மர்மக்கதை, பேய்க்கதைத் தொகுப்புகள்: எதை வாங்கலாம், எதை இரவல் படிக்கலாம்?

“மாமா, ஷெர்லாக் ஹோம்ஸ் மொத்தத்தையும் ஒரே குண்டு புக்கா வாங்கிடட்டுமா, இல்ல தனித்தனியா வாங்கட்டுமா?”

எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வளர்ந்த பிள்ளை. முதல் சம்பளம் வந்திருக்கிறது. அதே வாரம் பெரம்பூரில், ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: “எல்லாம் போன்லயே ஓசியில கெடைக்குதே, எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?” இப்படி யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாற்பது வருஷமாக மர்மக்கதையும் பேய்க்கதையும் சேர்த்து, தண்ணீரில் பாதியை இழந்து, மறுபடி சேர்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதையும் பேய்க்கதையும் கடையில் ஒரே தட்டில் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே ரகம் அல்ல. துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவற்றின் வேலை அத்தோடு முடிந்தது. பேய்க்கதையில் கடைசிப் பக்கம் வந்தாலும் எதுவும் தீராது. பார்த்தது நிஜமா, மனப்பிரமையா என்று படுத்தபிறகும் யோசித்துக்கொண்டிருப்போம். அதனால் துப்பறியும் கதையை இரவல் வாங்கிப் படிக்கலாம், பேய்க்கதையைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது என் வழக்கம். இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

விலையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு.

இன்னொரு முறை படிப்பீர்களா என்பது முதல் கேள்வி. அடுத்தது, கதை முழுசாக இருக்கிறதா. “முழுத் தொகுப்பு” என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பக் கூடாது, எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு என்றால் சுருக்கமா முழு வடிவமா என்று பாருங்கள். ஹோம்ஸ் சிறுகதை ஒன்று சாதாரண அச்சில் பெரும்பாலும் இருபது பக்கத்துக்குக் குறையாமல் வரும். அதுவே ஐந்தாறு பக்கத்தில் முடிந்திருந்தால் கையில் இருப்பது கதைச்சுருக்கம். ஹோம்ஸும் நண்பர் வாட்சனும் பேக்கர் தெரு அறையில் பேசும் பேச்செல்லாம் போய், குற்றமும் விடையும்தான் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, முடிவு பத்திரமாக இருக்கிறதா. முன்னுரையிலேயே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் பதிப்புகள் நிறைய. எந்தத் தொகுப்பானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.

நான்காவது, வடசென்னைக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: தண்ணீர் வந்தால் இந்தப் புத்தகம் எங்கே போகும்? வியாசர்பாடியில் என் தங்கை வீட்டில் 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் நான் கொடுத்துவைத்திருந்த புத்தகங்கள் இரண்டு நாள் ஊறின. மொட்டை மாடியில் காயவைத்தோம். சாணித்தாளில் அச்சான நாவல்கள் உப்பி, அட்டை கழன்று, காய்ந்ததும் படிக்கிற மாதிரியாவது ஆயின. வழவழப்பான தாளில் படம் போட்ட ஒரு பேய்க்கதைத் தொகுப்பு மட்டும் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு பலகை மாதிரி ஆகிவிட்டது. பிரிக்கப் பிரிக்க எழுத்தோடு உரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புத்தகம் எல்லாம் பரண்மேல் இருந்தது; ஒன்றும் போகவில்லை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் எத்தனை புத்தகம் வாங்குவது என்பதைப் பரணில் இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்றின் ஈரமும் சேரும். தாள் சீக்கிரம் பழுத்துவிடும்.

## ஒரே குண்டுத் தொகுப்பு

கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. நாவல் 4, சிறுகதை 56. முதல் நாவல் 1887-ல் வந்தது. கடைசிச் சிறுகதைத் தொகுதி 1927-ல். இத்தனையும் ஒரே அட்டைக்குள் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். டாயில் இறந்தது 1930-ல். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் ஆனதும் பதிப்புரிமை தீர்ந்துவிடும். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால்தான் குண்டுப் பதிப்புகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன.

மலிவுக்குப் பின்னால் இருக்கும் செலவைப் பார்ப்போம். எழுத்து பொடி. நாற்பது வயதுக்கு மேல் டியூப் லைட்டில் படித்தால் கண் எரியும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மின்சார ரயிலில் நின்றுகொண்டும் முடியாது. பசை போட்டு ஒட்டிய முதுகு நடுவில் பிளந்துவிடும். தைத்த பைண்டிங்கா என்று மேலிருந்து பாருங்கள்: தாள்கள் கட்டுக்கட்டாக மடிந்து முதுகில் சேர்ந்திருந்தால் தைத்தது, தனித்தனித் தாளாகப் பசையில் நின்றால் ஒட்டியது. வீட்டில் மூன்று பேர் படிக்கிறவர்கள் என்றால் இன்னொரு சங்கடம், புத்தகம் ஒன்றுதான்.

முழுசா என்று எண்ணிப் பார்க்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். அட்டைப் பெட்டியில் இரண்டு காதுகள் தபாலில் வரும் கதை ஒன்று உண்டு. பத்திரிகையில் 1893-ல் வந்தது. அடுத்து வந்த இங்கிலாந்துப் புத்தகத்தில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து 1917 தொகுதியில்தான் சேர்த்தார்கள். அதனால் பதிப்புக்குப் பதிப்பு அது இடம் மாறும். இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கதையும், 1927 தொகுதியின் 12 கதைகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் மற்றவை இருக்கும்.

ஹோம்ஸுக்கு மட்டும் நான் என் வழக்கத்தை மீறுகிறேன். குற்றவாளி தெரிந்தபிறகும் அவற்றைத் திரும்பப் படிக்கலாம், ஏனென்றால் நாம் போவது விடைக்காக அல்ல. அந்த இரண்டு பேரோடு உட்கார்ந்திருப்பதற்காக. ஒரே வீட்டில் நிலையாக இருப்பவர், மேசையில் வைத்துப் படிக்கிறவர், ஒருவரே வாசகர் என்றால் குண்டுத் தொகுப்பை வாங்கலாம். செஸ்டர்டன் எழுதிய, துப்பறியும் பாதிரியார் பிரௌன் கதைகளுக்கும் இதே கணக்குதான்.

## தனித்தனிப் புத்தகம்

சேர்த்துப் பார்த்தால் செலவு கூடும். ஆனால் ஒரு புத்தகம் தண்ணீரில் போனால் ஒன்றுதான் போகும், இரவல் கொடுத்தவர் திருப்பித் தராவிட்டாலும் ஒன்றுதான் போகும். பையில் போட்டுக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு கதையாவது படித்துவிடலாம். இதில் ஒரே ஒரு ஆபத்து, தொகுதிகளை வேறு வேறு பதிப்பகத்தில் வாங்குவது. மேலே சொன்ன காதுக் கதை இரண்டு முறை வரும், அல்லது வரவே வராது. ஒரே பதிப்பகத்தில் வாங்குங்கள்.

## பலர் எழுதிய கதைத் தொகை

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். எட்கர் ஆலன் போ, டிக்கன்ஸ், எம். ஆர். ஜேம்ஸ் என்று பத்துப் பேரின் கதை ஒரே புத்தகத்தில். யாருடைய எழுத்து பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அவருடைய தனித் தொகுப்புக்குப் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு, திரும்பத் திரும்ப அதே கதைகள். பதிப்புரிமை தீர்ந்த, எல்லோருக்கும் தெரிந்த பேய்க்கதைகள் என்று ஒரு இருபது இருக்கும். ஒவ்வொரு தொகையும் அவற்றையே மாற்றி அடுக்கும். மூன்று வரம் தரும் குரங்குக் கைக் கதை என்னிடம் நான்கு புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது தொகை வாங்குமுன் பொருளடக்கத்தைப் போனில் படம் பிடித்துவந்து வீட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் இப்படி ஒரு தொகையில்தான் டிக்கன்ஸின் ‘சிக்னல்மேன்’ எனக்குக் கிடைத்தது. 1866-ல் எழுதியது. அதற்கு முந்தைய வருஷம் ஜூன் மாதம் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் கவிழ்ந்தபோது டிக்கன்ஸ் அந்த வண்டியில் இருந்தார். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவியவர். கதையில் ஆழமான பள்ளத்தில், சுரங்க வாயில் பக்கத்தில், ஒரு சிவப்பு விளக்கின் கீழ் சிக்னல்காரர் தனியாக வேலை பார்க்கிறார். சுரங்க வாயிலில் ஓர் உருவம் நின்று ஒரு கையால் முகத்தை மறைத்து, மறு கையை ஆட்டுகிறது. அது வந்தால் பின்னால் ஏதோ நடக்கிறது. தந்திக் கருவியின் மணி அவருக்கு மட்டும் கேட்கிறது.

என் அப்பா பேசின் பிரிட்ஜில் ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். கண் புரை அறுவைக்குப் பிறகு அவருக்குப் படிக்க முடியாத நாட்களில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார். “மணி அவனுக்கு மட்டும் கேக்குதுன்னா, அவன் ஒழுங்கா தூங்கி எத்தினி நாளாச்சு?” பேய் இருக்கிறதா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நைட் டியூட்டியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கேபினில் ஒற்றை ஆளாக இருந்தவருக்கு அந்தச் சிக்னல்காரரின் தூக்கம்தான் கவலை. முடிவைச் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் அதே கதையைக் கேட்டார். அதற்கடுத்த மாதமும். மூன்றாவது முறை சொல்லும்போது, சிவப்பு விளக்கு எந்தப் பக்கம் இருந்தது, அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னார். முடிவு தெரிந்த கதையை ஒருவர் மூன்று முறை கேட்டால் அந்தப் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம்தானே?

தமிழில் இப்படி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது புதுமைப்பித்தனின் சிறுகதைத் தொகுப்பு. ‘காஞ்சனை’ ஒன்றுக்காகவே வாங்கலாம். அந்த வீட்டுக்குள் வந்தது என்ன என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு பதில் தோன்றுகிறது. அவர் இறந்தது 1948-ல், அவர் எழுத்துக்கும் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. அதனால் பல பதிப்புகள் இருக்கின்றன. பத்திரிகையில் எப்போது வந்தது, பாட வேறுபாடு என்ன என்று குறிப்புள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

## பழைய புத்தகக் கடை

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது நான் பத்தாவது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு போனது ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம்; கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின.

அங்கேயும் நடைபாதைக் கடைகளிலும் கிடைப்பது புதுப் புத்தகக் கடையில் கிடைக்காது. மாத நாவல்கள், மறுபதிப்பு வராத துப்பறியும் கதைகள். எல்லாவற்றுக்கும் மேல், பைண்டு வால்யூம்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து யாரோ ஒரு வீட்டில் பைண்டு பண்ணியிருப்பார்கள். ஓவியத்தோடு, ஓரத்தில் அந்தக் கால விளம்பரத்தோடு, முதல் பக்கத்தில் நீல மையில் பெயரோடு. வண்ணாரப்பேட்டையில் எடைக்குப் போட்டதில் ஒன்று எனக்குக் கிடைத்தது. காலிக்கோ முதுகு, உள்ளே தையல் இன்னும் கெட்டியாக இருந்தது. விரல் வைத்துப் புரட்டினால் மக்கிய தாளின் வாசனை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? கடைசி அத்தியாயத்தில். தொடர்கதை சேர்த்தவர் ஒரு வாரம் ஊருக்குப் போயிருப்பார். அந்த இதழ் இல்லை. மற்ற நாவலில் கடைசிப் பக்கம் போனால் ஏதோ கொஞ்சம் போயிற்று என்று விடலாம். துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கம் போனால் புத்தகமே போயிற்று. கடைக்கார பாய் நேர்மையானவர். “சார், பின்னாடி பாத்து எடுத்துக்கோ. அப்புறம் வந்து பக்கம் இல்லன்னு என்னாண்ட சொல்லக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ஆனால் கடைசிப் பக்கத்தைப் பார்க்கப் போனால் கொலைகாரன் பெயர் கண்ணில் பட்டுவிடும். நான் என்ன செய்வேன் என்றால், பக்க எண்ணை மட்டும் கட்டைவிரலால் மூலையில் புரட்டிப் பார்ப்பேன். எழுத்து இருக்கும் இடத்தை இன்னொரு கையால் மூடிக்கொள்வேன். நடுவில் பதினாறு பக்கக் கட்டு ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்றும் எண்ணில் தெரிந்துவிடும். ஒரு முறை இத்தனையும் சரிபார்த்து வாங்கிவந்த நாவலில், கதாபாத்திரம் ஒருவர் முதன்முதலாக வரும் வரியின் பக்கத்திலேயே யாரோ பென்சிலால் “இவன்தான்” என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தை நான் முடிக்கவே இல்லை.

பூச்சியையும் பாருங்கள். தாளில் ஊசித் துளை ஊடுருவிப் போயிருந்தாலும், ஓரம் அரித்திருந்தாலும் பூச்சி பட்ட புத்தகம்.  வாங்கியதை நேரே அலமாரியில் வைக்காதீர்கள். தனியே ஒரு பையில் பத்து நாள் வைத்து, தூள் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். நைந்ததை பைண்டிங் கடையில் கொடுத்தால் புத்தகத்தின் விலையைவிட பைண்டிங் கூலி அதிகமாகும். அதையும் கணக்கில் சேருங்கள்.

நேரம் இருக்கிறவருக்கு, தமிழ்த் துப்பறியும் கதை வேண்டும் என்பவருக்கு இதுதான் வழி. பரிசாகக் கொடுக்க வாங்குகிறவருக்கு இது வேண்டாம்.

## நூலகம்

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகாமல் புத்தகம் விலை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அகதா கிறிஸ்டி மாதிரி முடிச்சை அவிழ்ப்பதிலேயே கதையின் உயிர் இருக்கும் எழுத்தை நூலகத்தில்தான் படிக்க வேண்டும். அற்புதமான கதைகள், ஆனால் ஒரு முறைக்கு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தின் பிரதி வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கலாம். பழையவற்றில் நிறைய அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியவை. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

குறை: கிளை நூலகங்களில் துப்பறியும் நாவல்தான் அதிகம் கைமாறும், அதனால் அதுதான் அதிகம் கிழிந்திருக்கும். எடுக்கும்போதே மேலே சொன்ன கட்டைவிரல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

## கைப்பேசி

பெரம்பூர் நண்பர் சொன்னது பாதி சரி. ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் எட்கர் ஆலன் போ, டாயில், செஸ்டர்டன், எம். ஆர். ஜேம்ஸ், ‘டிராகுலா’ எழுதிய ஸ்டோக்கர் எல்லாம் இலவசம், முறைப்படி இலவசம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், தண்ணீர் பயம் இல்லை. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் பழைய நாவல்களைத் தேட வேண்டிய இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஆங்கிலக் கதைகளை எடுத்து ஆளையும் ஊரையும் தமிழாக்கி எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. நம் துப்பறியும் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க விரும்புகிறவர் அவசியம் படிக்க வேண்டும்.

மீதிப் பாதி கவனிக்க வேண்டியது. ஹோம்ஸின் கடைசித் தொகுதிக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முழுதாகத் தீர்ந்தது 2023 தொடக்கத்தில்தான். அதற்கு முன் தயாரான இலவச “முழுத் தொகுப்பு” கோப்புகளில் அந்த 12 கதைகள் இல்லாமல் இருக்கலாம். கிறிஸ்டி இறந்தது 1976-ல். இந்தியாவில் 2036 முடியும்வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. குழுக்களில் சுற்றும் அவருடைய பிடிஎஃப்களும், நம் ஊரில் உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நாவல் பிடிஎஃப்களும் திருட்டுப் பிரதிகள். எழுதிப் பிழைக்கிறவர்களின் கூலியை எடுத்துக்கொள்வது அது. நான் அனுப்புவதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

பழைய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்த கோப்புகள். கைப்பேசித் திரையில் இடதுபுறம் வலதுபுறம் நகர்த்தி நகர்த்திப் படித்தால் பத்து நிமிஷத்தில் கதை விட்டுப்போகும். அகலத் திரை இருந்தால் மட்டும் முயலுங்கள். பேய்க்கதைக்கு இன்னொரு இடைஞ்சல்: பயம் ஏறிவரும் நேரத்தில் மேலே ஒரு செய்தி வந்து நிற்கும்.

## யாருக்கு எது

பெரம்பூர் நண்பருக்கு: கண் சரியில்லை, நேரம் நிறைய இருக்கிறது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கி ஆங்கிலக் கதைகள். தமிழுக்கு வாரம் ஒரு நாள் கன்னிமாரா. அவர் எதுவும் வாங்க வேண்டாம். டிக்கன்ஸின் ரயில் கதை மட்டும் அச்சில் வேண்டும் என்றால் என் பிரதியைத் தருகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு: பலர் கதைத் தொகை ஒன்று, சத்தமாக வாசிக்க. சுருக்கப் பதிப்பு பிள்ளைகளுக்குப் பரவாயில்லை என்று சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சுருக்கத்தில் முடிவைத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்த மூலத்தைப் பிறகு தொடுவது அபூர்வம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு: வீடு தரைத்தளம், வேலைக்கு மெட்ரோவில் போகிறாள், தம்பியும் படிக்கிறவன். குண்டுத் தொகுப்பு வேண்டாம். ஹோம்ஸ் ஒவ்வொன்றாக, ஒரே பதிப்பகத்தில், 1892-ல் வந்த முதல் சிறுகதைத் தொகுதியிலிருந்து. கூடவே புதுமைப்பித்தன். கிறிஸ்டிக்கு நூலக அட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன், அட்டை வாங்கிவிட்டாள். கடைசித் தொகுதியின் தனிப் பிரதி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லையாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, 12 கதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டும்.